மேடையிலிருந்து திரைக்கு வந்த ரஷ்ய உள்நாட்டுப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோவியத் படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள், ரஷ்ய உள்நாட்டுப் போரைப் பற்றிய நாடகங்கள் படமானபோது என்ன ஆயின என்று திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கீழே இறங்குவது நல்லது. பின்னால் வரும் பதில்கள் அவற்றை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

உள்நாட்டுப் போர்னா 1917 புரட்சிதானே? அதுக்கு ஏன் தனிப் பேரு?

இரண்டும் வேறு. 1917 நவம்பரில் லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அதைத் தக்கவைத்துக்கொள்ள நடந்த சண்டைதான் உள்நாட்டுப் போர். 1918-ல் மூண்டது, ஐரோப்பிய ரஷ்யாவில் பெரும்பாலும் 1920 கடைசியில் ஓய்ந்தது, தூரக் கிழக்கில் 1922 வரை இழுத்தது. செம்படை ஒரு பக்கம். ஜார் காலத்து அதிகாரிகள் திரட்டிய வெண்படை மறுபக்கம். இவர்களோடு உக்ரைனில் தேசியவாதத் தலைவர் பெத்லியூராவின் படை, எந்த அரசுமே வேண்டாம் என்ற அராஜகவாதிகள், ஊர் ஊருக்கு முளைத்த கொள்ளைக் கும்பல்கள், பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகள் இறக்கிய துருப்புகள்.

இந்தப் படங்களுக்கு மூன்று ஊர்கள் முக்கியம். ஆட்சி பத்துக்கும் மேற்பட்ட தடவை கைமாறிய கீவ். 1918 டிசம்பரில் பிரெஞ்சுப் படை இறங்கி 1919 ஏப்ரலில் கிளம்பிப்போன ஒதெஸா. 1920 நவம்பரில் விராங்கெலின் வெண்படையும் அதை அண்டியிருந்த பொதுமக்களும் கப்பலேறிய கிரீமியா. கிரீமியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வெளியேறினார்கள்.

நாடகத்துலேர்ந்து எடுத்த படங்கள் எவை? பேரைச் சொல்லுங்க, தேடிக்கிறேன்.

முக்கியமானவை இவை. மிகயீல் புல்ககோவின் ‘ஓட்டம்’ (படம் 1970, இயக்கம் அலோவ், நவூமோவ்), அவருடைய ‘துர்பீன்களின் நாட்கள்’ (1976, விளதீமிர் பாசவ்). விசேவலத் விஷ்னேவ்ஸ்கியின் ‘நம்பிக்கை தரும் துன்பியல்’ (1963, சம்சோன் சம்சோனவ்). கன்ஸ்தந்தீன் த்ரெனியோவின் ‘லுபோவ் யரவாயா’ (1970, விளதீமிர் ஃபேத்தின்). லெவ் ஸ்லாவினின் ‘தலையீடு’ (1968, கென்னாதி பலோக்கா). அலெக்சாந்தர் கர்னெய்சூக்கின் ‘கப்பற்படையின் அழிவு’ (1965, தவ்ஷென்கோ ஸ்டுடியோ). இசை நாடகத்திலிருந்து வந்த ‘மலினோவ்கா கல்யாணம்’ (1967, அந்திரேய் துத்தீஷ்கின்).

இன்னும் பின்னால் போனால் யாகவ் புரத்தசானவின் ‘டாமி’ (1931). விசேவலத் இவானவின் ‘கவச ரயில் 14-69’ நாடகத்திலிருந்து எடுத்தது, சோவியத்தின் ஆரம்பகாலப் பேசும் படங்களில் ஒன்று. தேடும்போது படத்தின் பெயரோடு இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். ‘ஓட்டம்’ என்று மட்டும் தேடினால் வேறு என்னென்னவோ வரும்.

‘நாற்பத்தொன்றாவது’, ‘சப்பாயெவ்’, ‘கமிஸார்’ எல்லாம் ஏன் விட்டுட்டீங்க?

அவை நாடகங்களிலிருந்து வரவில்லை. ‘நாற்பத்தொன்றாவது’ பரீஸ் லவ்ரெனியோவின் கதை (படங்கள் 1927, 1956). ‘சப்பாயெவ்’ நாவலிலிருந்து வந்தது. அஸ்கோல்தவின் ‘கமிஸார்’ வசீலி குரோஸ்மனின் சிறுகதை. ‘நாங்கள் குரோன்ஷ்டாட்காரர்கள்’ (1936) படத்தை எழுதியவரும் அதே விஷ்னேவ்ஸ்கிதான் என்பதால் அதையும் நாடகம் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அது நேரே திரைக்கென்று எழுதப்பட்டது.

மூலம் எதுவென்று பார்ப்பது வெறும் வகைப்படுத்தலுக்காக அல்ல. கதையிலிருந்து வரும் படம் ஏற்கெனவே வெட்டவெளியில் நடக்கிறது. நாடகத்திலிருந்து வரும் படத்துக்கு, நாலு சுவருக்குள் எழுதப்பட்ட பேச்சை என்ன செய்வது என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். ஒவ்வொரு இயக்குநரும் அதற்கு ஒவ்வொரு பதில் சொன்னார்கள். இந்தப் படங்களின் சுவையே அதில்தான் இருக்கிறது.

எல்லாம் பார்க்க நேரமில்ல. எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

‘துர்பீன்களின் நாட்கள்’. மூன்று பகுதி, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம் அளவில். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். அடுத்து ‘ஓட்டம்’. இரண்டு பகுதி, மொத்தம் மூன்றேகால் மணி நேரம். முதலாவது 1918-19 குளிர்காலத்தில் கீவில் நடக்கிறது, இரண்டாவது 1920 முடிவில் கிரீமியாவுக்குச் சற்று வடக்கே தொடங்கி கிரீமியா, கான்ஸ்டாண்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்), பாரிஸ் என்று போகிறது. வரலாற்று வரிசையும் அதுவே. ‘ஓட்டம்’ முதலில் படமாகியிருந்தாலும் அதை முதலில் பார்த்தால் இந்த மனிதர்கள் எதை இழந்து ஓடுகிறார்கள் என்பது புலப்படாது.

இரண்டையும் முடித்தபின் ‘நம்பிக்கை தரும் துன்பியல்’. செம்படைப் பக்கம் எப்படித் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டது என்பது அதில் இருக்கிறது. ‘தலையீடு’ கடைசியில் இருக்கட்டும். மற்றவை எப்படி இருக்கும் என்று தெரிந்தபிறகுதான் அது எதையெல்லாம் மீறுகிறது என்று விளங்கும்.

திரையில யாரு செம்படை, யாரு வெண்படைன்னே புரியல. எல்லாரும் ஒரே கோட்டுதான் போட்டிருக்காங்க.

தோளைப் பாருங்கள். தோள்பட்டையில் பதவிப் பட்டை இருந்தால் வெண்படை. போல்ஷெவிக்குகள் அதை 1917 டிசம்பரில் ஒழித்தார்கள், 1943-ல்தான் சோவியத் ராணுவத்துக்கு மீண்டும் வந்தது. ஆகவே உள்நாட்டுப் போர்ப் படங்களில் இந்த அடையாளம் பிசகாது. கூம்பு வைத்த, நட்சத்திரம் தைத்த துணித்தொப்பி செம்படை. மார்பில் குறுக்காக இயந்திரத் துப்பாக்கித் தோட்டா வாரை மாட்டியிருக்கும் மாலுமி செம்படையாகவும் இருக்கலாம், அராஜகவாதியாகவும் இருக்கலாம். விஷ்னேவ்ஸ்கியின் நாடகமே அந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான்.

‘துர்பீன்களின் நாட்க’ளில் குடும்பத்தின் மூத்தவரான கர்னல் அலெக்சேய் துர்பீன் பள்ளிக்கூட மாடிப்படியில் நின்று, தன்னிடம் இருக்கும் பயிற்சி மாணவர்களிடம் தோள்பட்டைகளைக் கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடச் சொல்லும் இடம் வரும். பட்டை என்றால் என்ன என்று தெரியாதவருக்கு அது வெறும் சீருடை விவகாரமாகப் போய்விடும். பட்டையோடு பிடிபட்டால் சாவு. பட்டையைக் கழற்றினாலோ அவர்கள் செய்த சத்தியம் போயிற்று. அந்தப் பையன்கள் ஏன் முதலில் அவரையே துரோகி என்று நினைக்கிறார்கள் என்பது இதைத் தெரிந்தால்தான் புரியும்.

வெண்படை அதிகாரிங்கள நல்ல மனுஷங்களா காட்டுற நாடகத்த ஸ்டாலின் எப்படி விட்டு வச்சாரு?

விட்டுவைத்தார், நிறுத்தினார், திரும்ப விட்டார். ‘துர்பீன்களின் நாட்கள்’ 1926 அக்டோபர் 5 அன்று மாஸ்கோ கலை அரங்கில் அரங்கேறியது. பத்திரிகைகள் கிழித்துத் தள்ளின, அரங்கமோ நிரம்பி வழிந்தது. 1929-ல் நிறுத்தப்பட்டு, 1932-ல் மறுபடி வந்தது. 1941 வரை 987 தடவை நடந்தது. ஸ்டாலினே பல தடவை போய்ப் பார்த்தார்.

அவருடைய கணக்கு என்ன என்பதற்குக் கடிதம் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் நாடகாசிரியர் பில்-பெலோத்செர்கோவ்ஸ்கிக்கு எழுதியதில், துர்பீன்களைப் போன்றவர்களே ஆயுதத்தைக் கீழே போட வேண்டி வந்ததென்றால் போல்ஷெவிக்குகள் வெல்ல முடியாதவர்கள் என்றுதானே பார்ப்பவர் மனசில் பதியும் என்று வாதிடுகிறார். அதே கடிதத்தில் ‘ஓட்ட’த்தைச் சோவியத்துக்கு எதிரான சங்கதி என்கிறார், இன்னும் ஒன்றிரண்டு கனவுகளைச் சேர்த்து எழுதினால் ஆட்சேபமில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். புல்ககோவ் உயிரோடு இருந்தவரை ‘ஓட்டம்’ மேடையேறவே இல்லை. அவர் 1940-ல் இறந்தார். நாடகம் முதலில் நடந்தது 1957-ல், ஸ்டாலின்கிராடில்.

அந்த மூல அரங்கேற்றத்தின் முழுப் படப்பதிவு கிடையாது. 1941 ஜூனில் கலை அரங்கம் மின்ஸ்க் நகருக்குப் போயிருந்தபோது ஜெர்மானியக் குண்டுவீச்சில் மேடைப் பொருட்கள் எரிந்துபோயின. இன்று நாம் பார்க்க முடிந்ததெல்லாம் படங்கள்தான்.

‘வெண் காவலர்’ நாவலும் ‘துர்பீன்களின் நாட்க’ளும் ஒண்ணுதானா?

வேர் ஒன்று, மரம் வேறு. நாவலில் அலெக்சேய் துர்பீன் மருத்துவர். நாடகத்தில் பீரங்கிப் படைக் கர்னல். நாவலில் தனித்தனியாக வரும் நய்-தூர்ஸ், மாலிஷெவ் என்ற இரண்டு தளபதிகளின் சுமையையும் நாடகத்தில் அலெக்சேயே சுமக்கிறார். அதனால்தான் நாவலில் பிழைத்துக்கொள்ளும் அலெக்சேய் நாடகத்தில் மூன்றாம் அங்கத்திலேயே செத்துப்போகிறார். பாசவின் படம் நாடகத்தைப் பின்பற்றுகிறது. நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ‘கதையை மாற்றிவிட்டார்கள்’ என்று கோபித்துக்கொள்வது இதனால்தான். மாற்றியது படக்காரர்கள் அல்ல, புல்ககோவே.

மூணு பகுதியும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்ளயே ஓடுது. போர் எங்க?

சன்னலுக்கு வெளியே. அது குறை என்று படுகிறவர்கள் ஒருமுறை திரைச்சீலையைக் கவனிக்க வேண்டும். ஷிதோமிரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து ஒட்டிக்கொள்ளும் அசட்டு உறவுக்காரன் லரியோசிக், அந்த வெண்ணெய் நிறத் திரைச்சீலைகளுக்குப் பின்னால்தான் மனசு ஆறுகிறது என்கிறான். பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, மேசையில் விருந்து விரித்திருக்கிறது. ஓட்கா இல்லாமல் எப்படி ஹெர்ரிங் மீன் சாப்பிடுவீர்கள் என்று குடும்ப நண்பரான அதிகாரி மிஷ்லாயெவ்ஸ்கி உண்மையான வேதனையோடு கேட்கிறார். அந்த வேடத்தில் இருப்பவர் இயக்குநர் பாசவே.

வீட்டைத் திறந்துவிட்டு வீதியில் குதிரைப்படையை ஓடவிடுவது பாசவுக்கு ஒன்றும் சிரமமில்லை, மோஸ்ஃபிலிம் ஸ்டுடியோவில் குதிரைக்குப் பஞ்சமில்லை. வீடே கதாநாயகன் என்று அவர் தீர்மானித்துவிட்டார். நம் கணிப்பில் அதுதான் சரி. வெளியே ஜெர்மானியர் தயவில் உக்ரைனை ஆண்ட ஹெத்மன் (ஆட்சித் தலைவர்) ஸ்கரபாத்ஸ்கி ஜெர்மானிய உடையில் தப்பி ஓடுகிறான், பெத்லியூரா வருகிறான், அவனும் போகிறான். உள்ளே அதே பியானோ, அதே கடிகாரம், ஒரு நாற்காலி மட்டும் காலி. அந்தக் காலி நாற்காலியின் கனத்தை உணர வேண்டுமானால் அதற்கு முன்னால் அந்த மேசையருகே நாமும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பேரே ஆளுக்கு மூணு இருக்கு. யாரு யாருன்னு எப்படிப் பிடிக்கிறது?

ரஷ்யர்கள் மரியாதையாகக் கூப்பிடும்போது பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்ப்பார்கள், நெருக்கமானவர்கள் சுருக்குவார்கள், படையில் குடும்பப் பெயர். எலேனா வசீலியெவ்னா, லேனா, லேனச்கா மூன்றும் ஒரே பெண், அலெக்சேயின் தங்கை. நிகோல்கா என்றால் தம்பி நிகலாய். வீக்தர் என்று யாராவது அழைத்தால் திரும்புவது மிஷ்லாயெவ்ஸ்கி. லரியோன் சுர்ஷான்ஸ்கிதான் லரியோசிக். பாட்டும் புளுகுமாக எலேனாவைச் சுற்றிவரும் அழகன் ஷெர்வின்ஸ்கி (வசீலி லனவோய்), மனைவியை விட்டுவிட்டு ஜெர்மானியர்களோடு ரயிலேறும் கணவன் தால்பெர்க் (ஒலெக் பசிலஷ்வீலி). இந்த ஆறு பேரைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் தானாகப் பிடிபடுவார்கள்.

‘ஓட்டம்’ எட்டுக் கனவுன்னு படிச்சேன். படத்துல கனவு எங்க வருது?

புல்ககோவ் காட்சி என்று போடவேண்டிய இடத்தில் ‘கனவு’ என்று போட்டார். எட்டும் நிஜச் சம்பவங்கள்தான், ஆனால் கெட்ட கனவில் வருவதுபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். மடாலயம், பனி உறைந்த ரயில் நிலையம், செவஸ்தோபோல், கான்ஸ்டாண்டினோபிள், பாரிஸ் என்று.

அலோவும் நவூமோவும் இதில் வேறொரு துணியை ஒட்டுப்போட்டார்கள். நாடகத்தில் செம்படை ஓரமாகத்தான் வருகிறது. படத்தில் செம்படை சிவாஷ் சதுப்பைக் கடந்து கிரீமியாவின் வாசலான பெரெகோப்பைப் பிடிக்கும் பெரிய போர்க் காட்சிகள் இருக்கின்றன. அதற்குப் புல்ககோவின் மற்ற எழுத்துகளையும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1970-ல் தோற்றவர்களைப் பற்றி மட்டுமே ஒரு படம் எடுக்க அனுமதி வாங்குவது எளிதல்ல, ஜெயித்தவர்களும் திரையில் இருக்க வேண்டியிருந்தது. போர்க் காட்சிகள் பிரமாதமாக எடுக்கப்பட்டவை. ஆனாலும் படம் மூச்சுவிடுவது மனிதர்கள் நின்று பேசும் இடங்களில்தான். புல்ககோவின் மனைவி எலேனா செர்கேயெவ்னா ஆலோசகராக இருந்தார். 1970 ஜூலையில் இறந்துவிட்டதால் படம் வெளியானதைப் பார்க்கவில்லை.

ஹ்லூதவ் நிஜ ஆளா?

‘ஓட்ட’த்தில் வரும் இந்த வெண்படை ஜெனரல் நிஜத்திலிருந்து வார்க்கப்பட்டவர். 1920 தொடக்கத்தில் கிரீமியாவைச் செம்படையிடமிருந்து காத்து நின்ற, தூக்குமரத்துக்குப் பேர்போன ஜெனரல் யாகவ் ஸ்லஷோவ். அவர் கான்ஸ்டாண்டினோபிள் போய், 1921-ல் சோவியத் ரஷ்யாவுக்கே திரும்பி வந்து, செம்படை அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தினார். 1929 ஜனவரியில் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதிய ‘கிரீமியா, 1920’ நினைவுக் குறிப்புகள் புல்ககோவிடம் இருந்தன. வெளிநாடே போகாத புல்ககோவ் கான்ஸ்டாண்டினோபிளையும் பாரிஸையும் அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்ததற்கு, அந்த ஊர்களில் அகதியாக இருந்து திரும்பிய அவருடைய இரண்டாவது மனைவி லுபோவ் பெலஸேர்ஸ்கயா காரணம்.

ரயில் நிலையக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். ஹ்லூதவாக வருகிறவர் ஓம்ஸ்க் நகர நாடக நடிகர் விளதிஸ்லாவ் த்வர்ஷேத்ஸ்கி. அகலக் கண், இமைப்பதே அரிது. வெளியே விளக்குக் கம்பங்களில் சாக்கு மூட்டைகள்போல் பிணங்கள். சேவகன் க்ராபிலின் திடீரென்று வாய் திறந்து, தூக்குக் கயிற்றை வைத்து மட்டும் போரை ஜெயிக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ஹ்லூதவ் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஏறக்குறைய ஆவலோடு. உண்மையைச் சொல்ல ஒருவன் கிடைத்தானே என்ற முகம் அது. பேசி முடித்ததும் க்ராபிலினுக்குப் பயம் வந்துவிடுகிறது, மண்டியிடுகிறான். நன்றாக ஆரம்பித்தாய், மோசமாக முடித்தாய் என்று சொல்லிவிட்டு ஹ்லூதவ் தூக்கிலிடச் சொல்கிறார். மிச்சப் படம் முழுக்க அவர் அந்த ஆளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். மேடைக்காக எழுதியதை ஒரு முகத்தின் அருகில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தப் பட்டியலில் இல்லை.

படத்தோட முடிவு நாடகத்துல இருக்கிற மாதிரி இல்லையே?

நாடகத்துக்கே ஒரே முடிவு என்று கிடையாது. அனுமதி கிடைக்காதபோதெல்லாம் புல்ககோவ் கடைசிக் கனவைத் திருத்தினார். ஒரு வடிவத்தில் ஹ்லூதவ் ரஷ்யா திரும்பத் தீர்மானிக்கிறார், இன்னொன்றில் சுட்டுக்கொண்டு சாகிறார். எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் ஏமாற்றம் மாறும். படத்தில் அகதிகளாக ஓடிவந்த காதலர்கள் கொலுப்கோவும் செராஃபிமாவும் ஊர் திரும்புகிறார்கள், ஹ்லூதவ் கரையிலேயே நின்றுவிடுகிறார்.

இடையில் வரும் பாரிஸ் பகுதியைத் தனியாகவே பார்க்கலாம். கால்சராயை விற்றுவிட்டு உள்ளாடையோடு வந்து நிற்கும் ஜெனரல் சார்னோத்தா (மிகயீல் உலியானவ்), பணக்கார கொர்ஸூகினிடம் (எவ்கேனி எவ்ஸ்திக்னேயெவ்) சீட்டாடி 20,000 டாலர் ஜெயிக்கும் காட்சி. இரண்டு பெரிய மேடை நடிகர்கள், ஒரு மேசை, ஒரு சீட்டுக்கட்டு. வேறெதுவும் தேவைப்படவில்லை. கரப்பான்பூச்சிப் பந்தயம் நடத்தும் அர்த்தூர் அர்த்தூரவிச் யாரென்று தெரிகிறதா பாருங்கள். பின்னாளில் ‘துர்பீன்க’ளை இயக்கிய அதே பாசவ்.

‘நம்பிக்கை தரும் துன்பியல்’ல வர்ற பெண் கமிஸார் உண்மையில இருந்தவங்களா?

நாடகத்தில் அவளுக்குப் பெயரே இல்லை, கமிஸார் (படைப்பிரிவில் கட்சியின் அரசியல் பிரதிநிதி) அவ்வளவுதான். மாதிரியாகச் சொல்லப்படுகிறவர் எழுத்தாளரும் கடற்படைக் கமிஸாருமான லரீஸா ரெய்ஸ்னர் (1895–1926). பால்டிக் கடற்படையில் அராஜகவாதிகளின் பிடியில் இருக்கும் ஒரு மாலுமிப் பிரிவுக்குத் தன்னந்தனியாகக் கட்சி அவளை அனுப்புகிறது. மேலே விழ வந்தவனைச் சுட்டுவிட்டு, அடுத்து யாருக்கு வேண்டும் என்று அவள் கேட்கும் இடத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மேடையில் அலெக்சாந்தர் தாய்ரவ் 1933-ல் இதை இயக்கியபோது அலீஸா கோனென் நடித்தார். படத்தில் மர்கரீத்தா வலோதினா. அராஜகத் தலைவனாக பரீஸ் அந்திரேயெவ், மாலுமி அலெக்சேயாக வியச்செஸ்லாவ் தீகனவ். 1963 கான் விழாவில் புரட்சிக் காவியத்துக்கான தனிப் பரிசு கிடைத்தது.

படத்தை 70 மி.மீ. அகலத் திரைக்கென்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டு ‘எல்லாரும் கத்துறாங்க’ என்று சொல்வது நியாயமில்லை. வசனமும் உடல்மொழியும் அந்த அளவுத் திரைக்குப் பொருத்தமாக இருந்தன. இருக்கிறதில் பெரிய திரையில், விளக்கணைத்துப் பாருங்கள்.

‘லுபோவ் யரவாயா’ இரண்டு மூணு பதிப்பு வருது. எது சரியானது?

1970-ல் லென்ஃபிலிம் ஸ்டுடியோ எடுத்ததே முழுமையான திரைப்படம். லுத்மீலா சூர்சினா தலைப்புப் பாத்திரம், வசீலி லனவோய் கணவன், வசீலி சுக்ஷின் கமிஸார் கோஷ்கின். 1953-ல் வந்தது லெனின்கிராட் பெரிய நாடக அரங்கத்தின் மேடை நிகழ்ச்சியைப் படம் பிடித்தது. 1970-ம் ஆண்டுப் படத்தையே பாருங்கள்.

இந்த நாடகத்தைத் ‘துர்பீன்க’ளோடு சேர்த்து யோசிக்க வேண்டும். இரண்டும் 1926 கடைசியில், சில மாத இடைவெளியில், மாஸ்கோவில் அரங்கேறின. ஒன்றில் வீடு எல்லோரையும் அணைத்துக்கொள்கிறது. மற்றதில் ஆசிரியை லுபோவ், செத்துவிட்டதாக நம்பிய கணவன் வெண்படை அதிகாரியாக உயிரோடு வருவதைக் கண்டு, கடைசியில் அவனைப் பிடித்துக் கொடுக்கிறாள். இன்றிலிருந்துதான் நான் உண்மையான தோழர் என்கிறாள். லனவோய் ஆறு வருட இடைவெளியில் இரண்டு படத்திலும் வெண்படை அதிகாரியாக வருகிறார். ஒருவனை நாம் மன்னித்துவிடுகிறோம், இன்னொருவனை மன்னிக்க விடமாட்டேன் என்கிறது படம்.

சில படத்துல மேடைத் திரையே ஏறி இறங்குது. அது என்ன வகை?

அதற்கு ‘மேடைப்படம்’ என்று சொல்லலாம். ஓர் அரங்கத்தின் நாடகத்தை, அதே நடிகர்கள், அதே காட்சியமைப்போடு ஸ்டுடியோவில் பதிவு செய்வது. 1950-களின் தொடக்கத்தில் குவிந்தது. குறைவாக எடு, எல்லாமே மகத்தானதாக இருக்கட்டும் என்ற ஸ்டாலின் காலக் கொள்கையால் 1951-ல் கதைப்பட உற்பத்தி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. திரையரங்குக்குப் போட ஏதாவது வேண்டுமே, மேடை நாடகங்களைப் படம்பிடித்தார்கள். திரைப்படமாக இவை மந்தம். அந்தக் கால நடிப்புமுறைக்கு ஆவணமாகப் பார்த்தால் விலைமதிப்பில்லாதவை.

‘மலினோவ்கா கல்யாணம்’ ஆட்டம் பாட்டு படம். இதையெல்லாம் போர்ப்படம்னு சொல்றதா?

பரீஸ் அலெக்சாந்த்ரவ் இசையமைத்த 1937-ம் ஆண்டு இசை நாடகம் அது, ஆகவே மேடைப் படைப்புதான். 7 கோடியே 46 லட்சம் பேர் பார்த்தார்கள், சோவியத் வரலாற்றில் மிக அதிகம் பார்க்கப்பட்ட படங்களில் ஒன்று. உக்ரைன் கிராமத்தில் ஆட்சி மாறும்போதெல்லாம் கிழவன் நெச்சிபோர் (எவ்கேனி லேபெதெவ்) தலையில் இருக்கும் தொப்பியை மாற்றிக்கொள்கிறான். கொள்ளைக்கூட்டம் வந்தால் ஒன்று, செம்படை வந்தால் நட்சத்திரத் தொப்பி. கீவில் ஆட்சி மாறிய கதையை முதல் பதிலில் சொன்னோம். அதைக் கிராமத்து ஜனங்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இந்தத் தொப்பி ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. பப்பந்தோப்புலோவாக வரும் மிகயீல் வதியனோய் ஒதெஸா இசை நாடக அரங்கத்துக்காரர், மேடைப் பழக்கம் ஒவ்வோர் அசைவிலும் தெரியும்.

‘தலையீடு’ செம்படைய ஆதரிக்கிற கதைதானே? அப்புறம் ஏன் தடை?

கதையில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. 1919 ஒதெஸா, பிரெஞ்சுச் சிப்பாய்களிடையே ரகசியப் பிரச்சாரம், தலைமறைவுப் போராளி பிரோத்ஸ்கி (விளதீமிர் விசோத்ஸ்கி), கொல்லப்படும் பிரெஞ்சுத் தோழி. அவளுக்கு மாதிரி, 1919 மார்ச்சில் ஒதெஸாவில் நிஜமாகவே கொல்லப்பட்ட ஷான் லபூர்ப். பிரச்சினை பாணியில். பலோக்கா நிஜமான ஒதெஸாவைக் காட்டவே இல்லை. வரைந்த தட்டிகள், கோணலான தெருக்கள், கூத்துக்காரர்களைப் போன்ற ஒப்பனை. புரட்சியின் முதல் வருடங்களில் சந்தை மேடைகளில் நடித்த நாடகக்காரர்களுக்கு அவர் செலுத்திய வணக்கம் அது. அதிகாரிகளுக்குப் புனிதமான சங்கதியைக் கேலி செய்வதாகப் பட்டது.

1968-ல் முடிந்த படம் 1987-ல்தான் வெளியானது. விசோத்ஸ்கி 1980-லேயே இறந்துவிட்டார். சிறைக் காட்சியில் மரச்சட்டையைப் பற்றி, அதாவது சவப்பெட்டியைப் பற்றி, அவர் பாடும் பாட்டு படத்துக்கு முன்னாலேயே ஊரெல்லாம் ஒலிநாடாவில் சுற்றிக்கொண்டிருந்தது. நாடகத்தை மேடைபோலவே வைத்துக்கொண்டு அதையே சினிமாவாக்கியவர் இவர் ஒருவர்தான்.

எந்தப் பிரதியப் பார்க்கிறது? எனக்குக் கிடைச்சதுல ஓரமெல்லாம் வெட்டுப்பட்டிருக்கு.

‘ஓட்டம்’, ‘மலினோவ்கா கல்யாணம்’, ‘தலையீடு’, ‘நம்பிக்கை தரும் துன்பியல்’ நான்கும் அகலத் திரைப் படங்கள். பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் இரண்டு ஓரத்தையும் நறுக்கியிருப்பார்கள். மூன்று பேர் பேசும் காட்சியில் ஒருவர் குரல் மட்டும் வந்தால் பிரதி மோசம் என்று பொருள், அதை விட்டுவிடுங்கள். ‘துர்பீன்களின் நாட்கள்’ தொலைக்காட்சிக்கே எடுத்தது, சதுரமாகத்தான் இருக்கும். அதை யாராவது அகலமாக்கியிருந்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள்.

மோஸ்ஃபிலிம், லென்ஃபிலிம் இரண்டுக்கும் யூடியூபில் சொந்தச் சேனல்கள் உண்டு, மோஸ்ஃபிலிம் பல படங்களுக்கு ஆங்கில வசன வரிகளும் போட்டிருக்கிறது. தானியங்கி வரிகளை நம்ப வேண்டாம். பாட்டும் கூச்சலும் கலந்த இடத்தில் அவை திணறிவிடும்.

எங்க குழு ‘துர்பீன்களின் நாட்க’ள மேடையேத்த ஆசைப்படுது. படத்தப் பார்த்தே எழுதிக்கலாமா?

வேண்டாம். படத்தில் வசனம் மூன்று பகுதிக்கு ஏற்றபடி பிரிக்கப்பட்டிருக்கிறது, அங்க முடிவுகளின் விசை அதில் வராது. நாடகத்தின் பிரதியிலிருந்து தொடங்குங்கள். மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி, அதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நாலு அங்கம், நாலு இடம்: துர்பீன் வீடு, ஹெத்மனின் அறை, பெத்லியூரா படையின் முகாம், பள்ளிக்கூட நடை. முதல் அங்கமும் நான்காம் அங்கமும் முழுக்க வீடு, மூன்றாவதின் பின்பாதியும் வீடு. இரண்டாம் அங்கத்தில் இரண்டு வேற்றிடம் அடுத்தடுத்து வருவதுதான் குழுக்கள் தடுமாறும் இடம். வீட்டை மேடையின் பின்பாதியில் நிரந்தரமாக நிறுத்தி, திரை இழுத்து, முன்பாதியில் ஒரு மேசையையும் ஒரு தொலைபேசியையும் மாற்றி மாற்றிப் போட்டால் மாற்றும் நேரம் மிச்சம். பெத்லியூரா முகாம் காட்சியை நேரம் கருதி வெட்டிவிடாதீர்கள். அது போனால் நகரத்துக்குள் வரப்போவது எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது, மாடிப்படிக் காட்சியில் அலெக்சேயின் முடிவு காற்றில் தொங்கும்.

ஒலிக்கு இரண்டு அடுக்கு தனித்தனியாக வேண்டும்: தூரத்துப் பீரங்கி, வீட்டுக் கடிகாரம். நாடகம் தொடங்குவதே கடிகாரம் ஒன்பது அடித்து பொக்கரீனியின் நடன இசையை வாசிப்பதோடுதான். பீரங்கியைக் கடிகாரத்துக்குக் கீழேயே வையுங்கள். சத்தத்தைக் கூட்டினால் முதல் அங்கத்திலேயே வீடு விழுந்துவிடும், நான்காம் அங்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. கிதார் வாசிக்கத் தெரிந்தவரையே நிகோல்காவுக்குப் போடுங்கள். பதிவு செய்த கிதாருக்கு வாயசைத்தால் முன்வரிசைக்கு உடனே தெரிந்துவிடும்.